முதல் ‘வேண்டாம்’

குட் ஐ கெட். குட் ஐ கெட். காரில் ஏறியதிலிருந்து இதையே வாய்க்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன், பல் இடுக்கில் சிக்கிய பாக்குத்தூள் மாதிரி, துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. குட் ஐ கெட் எ காஃபி, ப்ளீஸ், எனக்கு ஒரு காபி கிடைக்குமா என்று அர்த்தம். கூழாங்கல்லைத் தகரத்தில் போட்டதுபோல முதலில் ஒரு சத்தம், பிறகு ஒரு வழுக்கல், கடைசியில் ஒரு குழைவு. இதில் எந்த இடத்தில் மரியாதை இருக்கிறதென்று என் காதுக்குத் தெரியவில்லை. இருக்கிறதாம், நளா சொல்கிறாள். நளாயினி என் ஒரே மகள், அமெரிக்காவில் இந்த ஒஹையோவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முன் சீட்டிலிருந்து உடம்பைத் திருப்பி, பெல்ட் கழுத்தை அறுக்க, வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். “அம்மா, ‘ஐ வான்ட்’னு மட்டும் ஆரம்பிக்காதே. சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். ‘கிவ் மீ’ வேண்டவே வேண்டாம். விரலைத் தூக்கி ‘ஒன் காஃபி’ன்னு காட்டாதே. குட் ஐ கெட். அவ்வளவுதான், ஈஸி.” “மே ஐ ஹாவ்னு கேட்டா?” என்றேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை சிரித்தார். “அத்தை, மே ஐ எல்லாம் ராணி காலத்து இங்கிலீஷ். கேட்டீங்கன்னா அந்தப் பொண்ணு சல்யூட் அடிச்சுடும்.” அடிக்கட்டுமே. திருச்சியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள் நான். பக்கம் முழுக்க ஓடும் வாக்கியத்தைக் கொடுத்தால் அதன் எழுவாய் எந்தப் புதருக்குள் ஒளிந்திருக்கிறது என்று இழுத்து வெளியே போடுவேன். அந்த மொழியில் ஒரு வாய் காபி கேட்க எழுபத்து நான்கு வயதில் ஒத்திகை. போன மாதம் வேறொரு ஓட்டலில் “டீ, ப்ளீஸ்” என்று சொன்னதற்கு வாளி மாதிரி ஒரு கண்ணாடித் தம்ளரில் ஐஸ் மிதக்கப் பழுப்புத் தண்ணீர் வந்தது. “இங்க டீன்னா அதாம்மா. சூடா வேணும்னா ஹாட் டீன்னு சொல்லணும்.” டீ சூடாக இருக்கும் என்று நினைத்தது என் தப்பு. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே தம்ளரிலும் பனி. பல் கூசக் கூச அதைக் குடித்து முடித்தேன். அன்றைக்கு ஆரம்பித்த ஒத்திகை இது.

உட்கார்ந்தாயிற்று. ரயில் பெட்டி மாதிரி எதிரும் புதிருமாக இரண்டு சோபா, நடுவில் பிசுபிசுக்கும் மேஜை. என்னைச் சுவரோரம் தள்ளி நளா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே மாப்பிள்ளை அருணகிரி, அவருக்குப் பக்கத்தில் எங்கள் மூன்று பேருடைய கோட்டுகளும் நாலாவது ஆள் மாதிரி. ஜன்னலுக்கு வெளியே கார்களுக்கு நடுவில் ஒதுக்கிவைத்த பனிக்குவியல், மேலெல்லாம் கரி, கல்யாண வீட்டுக் கொல்லையில் கொட்டின சாதம் மாதிரி. மெனு கார்டில் குடிப்பதற்கு மட்டுமே இரண்டு பக்கம். இத்தனை இருக்கும்போது ஏன் காபி என்று யாராவது கேட்கலாம். சூடாக ஒன்று தொண்டையில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு இந்தச் சாப்பாடே எனக்காகத்தான். நான் இங்கேயே இருந்துவிடப் போகிறேன் அல்லவா, அதைக் கொண்டாட. தில்லைநகர் ஃபிளாட்டை விற்பதற்குத் திருச்சி புரோக்கர் ஆள் பிடித்துவிட்டார். இன்று ராத்திரி, அங்கே விடிகிற நேரத்தில், மாப்பிள்ளை போன் பண்ணிச் சரி என்று சொல்லிவிட்டால் அட்வான்ஸ் கை மாறிவிடும். வீடு போய்விடும். நான் சரி என்று சொன்னேனாம். என்ன சொன்னேன் என்பதுதான் ஒரு வாரமாக என் தலைக்குள் ஈ மாதிரி சுற்றுகிறது. துணி மடித்துக்கொண்டிருந்தேன், நளா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். “அம்மா, ஊருக்குப் போகணுமா, இங்கேயே எங்களோட இருந்துடறியா? உனக்கு எது இஷ்டம்?” நான் மாப்பிள்ளையின் சட்டைக் காலரை நீவிக்கொண்டே, “எனக்கென்னடி, எங்க இருந்தா என்ன, உங்களுக்கு எது சௌகரியமோ அதைப் பண்ணுங்க,” என்றேன். அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதற்குப் பிறகு அவள் “அப்படிச் சொல்லாதேம்மா, உனக்கு என்ன வேணும்னு சொல்லு” என்று கேட்பாள், நானும் ஒரு பெருமூச்சு விட்டு, “ஊருக்கே போயிடறேண்டி, வீடு பூட்டியே கிடக்கு” என்று சொல்வேன். அப்படித்தான் பேச்சு போக வேண்டும். அவள் கேட்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய், “கிரி, அம்மா ஓகே சொல்லிட்டாங்க!” என்று கத்தினாள். கையில் காலரோடு நின்றேன்.

குட் ஐ கெட். இன்னும் யாரும் வரவில்லை. சூத்திரங்களைக் கண்டு பயப்படுகிறவள் இல்லை நான், அதையும் சொல்லிவிட வேண்டும். வெளியூர் போன்களை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். காதில் இரும்பு வளையத்தை மாட்டிக்கொண்டு நம்பர் ப்ளீஸ், ஹோல்ட் த லைன், ஸ்பீக் ஆன் என்று ஆயுசில் பாதி நாள் சொல்லியிருக்கிறேன். தூங்கும்போதும் சொல்லியிருக்கிறேன், என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். மூன்று நிமிஷம் முடிந்ததும் பேசுகிறவர்களுக்கு நடுவில் நுழைந்து, எக்ஸ்டென்ட் பண்ணட்டுமா என்று கேட்பது எங்கள் வேலை. வேண்டாம் வேண்டாம், வச்சுடறேன் என்பார்கள். குரலிலேயே தெரியும், வைக்க மனசில்லை என்று. சட்டப்படி அப்போதே துண்டித்துவிட வேண்டும். நான் துண்டிக்க மாட்டேன், ஒரு மூச்சு விட்டு மறுபடி கேட்பேன், எக்ஸ்டென்ட் பண்ணட்டுமா சார்? பண்ணுங்கம்மா என்பார்கள். யாருக்கோ எவருக்கோ அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தெரியாத குரல்களுக்கெல்லாம் நான் இரண்டாம் தடவை கேட்டிருக்கிறேன். இதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது, அழுகைகூட வருவதில்லை. இதோ வருகிறாள். காதில் வளையம், நெஞ்சில் கெய்லி என்று பெயர்ப்பட்டை, முகம் பூராவும் சிரிப்பு. என்னவோ விடுவிடுவென்று சொல்கிறாள், முடிவில் குரல் மேலே ஏறுகிறது, குடிக்க என்ன என்பதுதான். நளா, “குட் ஐ கெட் எ லெமனேட்?” என்று எனக்குப் பாடம் காட்டுகிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொல்கிறாள். மாப்பிள்ளை, “ஐ வில் டூ எ டயட் கோக்,” என்கிறார். டூவா? கோக்கை என்ன செய்வார் இவர்? காரில் இது பாடத்திலேயே இல்லையே. நான் அந்த டூவில் கால் தடுக்கி நிற்கும்போதே அந்தப் பெண் என் பக்கம் திரும்பிவிட்டாள், “அண்ட் ஃபார் யூ, ஹனி?” ஹனியாம், என் பேத்தி வயசு. எல்லாம் தயாராக இருக்கிறது, நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது, கூழாங்கல் விழ வேண்டியதுதான் பாக்கி. என் வாய் திறந்து, என்னைக் கேட்காமல், அழகான பழைய ஆங்கிலத்தில், ஒரு சின்னப் புன்சிரிப்போடு, “நத்திங் ஃபார் மீ, தேங்க் யூ,” என்றது. “ஓகே!” என்று சொல்லி அந்தப் பெண் போய்விட்டாள்.

போயேவிட்டாள். முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நளா மாப்பிள்ளையைப் பார்க்கிறாள், மாப்பிள்ளை நளாவைப் பார்க்கிறார், பாவம் வயசாயிடுச்சு என்று பார்வையிலேயே ஒரு வரி எழுதிக்கொள்கிறார்கள். “ஏம்மா, காபி கேட்கறேன்னுதானே வந்தே?” “இப்ப என்ன, அப்புறம் பாத்துக்கலாம்.” இதுவும் நான் சொல்ல நினைத்ததில்லை. என் வாய்க்கு என்ன வந்தது? வந்தது இல்லை, இருந்ததுதான். ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும், காபி சாப்பிடறீங்களா என்றால், ஐயோ வேண்டாம், இப்பத்தான் குடிச்சுட்டு வரேன். அதைக் காதில் வாங்காமலே அந்த வீட்டுக்காரி எழுந்து உள்ளே போய்க்கொண்டிருப்பாள், நாமும் கால் டம்ளர் போதும், சக்கரை கம்மியா என்று பின்னாலேயே குரல் கொடுப்போம். உடனே சரி என்று சொன்னால் காணாததைக் கண்டவள் என்று அர்த்தம். என் அம்மா வெளியே கூட்டிப்போகும்போதெல்லாம் தொடையில் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தது இது. எடுத்தவுடனே தலையாட்டாதே. முதல் வேண்டாம் வாசல் கதவைத் தட்டுகிற சத்தம் மாதிரிதான், அதைக் கேட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிற ஊர் உண்டா? உண்டு, இதோ இருக்கிறது, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஐ வான்ட் சொல்லாதே என்று இங்கே ஒரு சட்டம், வேண்டும் என்று சொல்லாதே என்று அங்கே ஒரு சட்டம், குட் ஐ கெட்டுக்கும் கால் டம்ளர் போதுமுக்கும் நடுவில் ஒரு மனுஷி தாகத்தில் செத்துப் போகலாம், இரண்டு பாஷையிலும் மரியாதையாக. என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியும். என் முதல் பதிலை அவர் ஒருநாளும் பதிலாக எடுத்துக்கொண்டதில்லை. தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்றால், வேலையை விடணுமா என்று கேட்டு நான் உங்க இஷ்டம் என்றால், ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் படுத்துக்கொள்ள, உனக்கு இடம் போதுமா என்று அவர் கேட்டு நான் போதும் என்றால், பேப்பரை இறக்கிக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். “சரி. இப்ப நிஜத்தைச் சொல்லு.” அவ்வளவுதான், நான் சொல்லிவிடுவேன். அவர் போய் இரண்டு வருஷமாக நான் சொன்ன முதல் பதில்கள் எல்லாம் பதில்களாகிவிட்டன. எடுத்துக்கொள்வாயா, வேண்டாம், சரி. உட்காருகிறாயா, பரவாயில்லை, சரி. போகிறாயா இருக்கிறாயா, உங்கள் சௌகரியம், சரி, வீடு விற்றாயிற்று.

லெமனேடும் கோக்கும் வந்துவிட்டன. நான் கேட்காமலே எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர், பாதிக்கு மேல் ஐஸ். “அத்தை, வீடு வாங்கற ஆளு நல்ல பார்ட்டி,” என்று மாப்பிள்ளை கோக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறார். “பேங்க்ல மேனேஜராம். உங்க பீரோ, கட்டில் எல்லாத்தையும் சேர்த்து எடுத்துக்கறேங்கறார். நமக்கும் காலி பண்ற வேலை மிச்சம்.” பீரோவையா? என் புடவை மடிப்புகளை யாரோ மேனேஜர் மனைவி பிரித்துப் பார்க்கப் போகிறாளா? “உங்க மனசுக்கு ஓகேதானே?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போனைப் பார்க்கிறார். நல்ல மனுஷன். மாத்திரை டப்பியில் நாள்வாரியாக அவர்தான் போட்டு வைக்கிறார், மாடிப்படியில் எனக்காகக் கைப்பிடி போட்டார். நல்ல மனுஷர்களிடம் வேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டம். அந்த ஃபிளாட்டும் ஒன்றும் சொர்க்கமில்லை. லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது, மோட்டார் ரூம் சாவிக்குக் கீழ் வீட்டு ஆடிட்டரோடு எனக்குத் தீராத சண்டை, அசோசியேஷன் கூட்டத்தில் என்னைக் கண்டாலே செக்ரெட்டரி பேச்சை முடித்துக்கொள்வார். எனக்கு அந்தச் சண்டை வேண்டும். இங்கே என்னோடு யாரும் சண்டை போடுவதில்லை, ஹனி என்கிறார்கள். அங்கே மெயின் ரோட்டு ஓட்டலில் உள்ளே நுழையும்போதே சர்வர் மயில்வாகனன் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பி, “டெலிபோன் அம்மாவுக்கு ஒண்ணு, ஸ்ட்ராங்கா!” என்று கத்துவான். நான் வாயைத் திறந்து காபி கேட்டே பல வருஷமாகிறது என்பது இப்போதுதான் உறைக்கிறது. கேட்கத் தெரியாமல் போனதற்கு அவனும் ஒரு காரணம், பாவி. மத்தியானம் என் சாவியால் என் கதவைப் பூட்டிக்கொண்டு படுப்பேன், யாரும் எட்டிப் பார்த்து ஆர் யூ ஓகே அம்மா என்று கேட்க மாட்டார்கள். இங்கே மூச்சு சற்று பலமாக விட்டாலும் கதவு திறக்கிறது. அன்பாகத்தான் திறக்கிறது. அங்கே ஒருநாள் குளியலறையில் விழுந்து கிடந்தால்? நளா கேட்பாள், கேட்க வேண்டியதுதான். ராத்திரிகளில் நானே அதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்திருக்கிறேன். பயம் இருக்கிறது. பயத்தோடு போக வேண்டும் என்றுதான் இருக்கிறது. இதை எந்தச் சூத்திரத்தில் வைத்துக் கேட்பது? குட் ஐ கெட் மை ஹவுஸ், ப்ளீஸ்? ஐஸ் தண்ணீரில் உதட்டை வைத்தேன், பல்லில் ஊசி குத்தியது, வைத்துவிட்டேன். ராத்திரி மாப்பிள்ளை போன் பண்ணிவிடுவார். சாப்பிட்டு முடித்துக் காரில் ஏறினால் நளா பாட்டுப் போட்டுவிடுவாள், வீடு போனதும் துணி மடிக்க உட்கார்ந்துவிடுவேன், நான் யாரென்று எனக்குத் தெரியாதா.

“யூ ஷ்யூர் ஐ கான்ட் கெட் யூ எனிதிங்?” நளா எங்கள் மூன்று பேருக்கும் சொல்லியிருந்த சாப்பாட்டுத் தட்டுகளை வைத்துவிட்டு அந்தப் பெண் போகவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிஜமாகவே ஒன்றும் வேண்டாமா, எனிதிங் என்கிறாள். இரண்டாம் தடவை கேட்டுவிட்டாள். ஒருவேளை எல்லா மேஜையிலும் இவர்கள் இப்படித்தான் கேட்பார்களோ என்னவோ, எங்கள் எக்ஸ்டென்ட் மாதிரி இதுவும் வேலையோ என்னவோ. காரில் கட்டிய வாக்கியம் உருண்டு எங்கோ போய்விட்டது, தேடிப் பார்த்தேன், குட்டும் இல்லை, கெட்டும் இல்லை. “ஐ வான்ட் காஃபி,” என்றேன். சத்தமாக வந்துவிட்டது. பின் சோபாவில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். “ஹாட்.” “அம்மா!” என்று நளா என் கையை அழுத்தினாள். “யூ காட் இட்,” என்று அந்தப் பெண் சிரித்தபடியே போய்விட்டாள், அவள் முகத்தில் ஒரு மயிரிழை மாறவில்லை. இதற்கா இத்தனை பாடம்? கோபம் உச்சந்தலைக்கு ஏறியது, யார்மேல் என்று தெரியவில்லை, அதே கோபத்தின் சூட்டில், ஆறுவதற்குள், மேஜையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். “நளா, எனக்கு ஊருக்குப் போகணும். வீட்டை விக்க வேண்டாம்.” மாப்பிள்ளையின் முள்கரண்டி நின்றது. “அத்தை, காபிதானே, அதுக்கு ஏன்...” “காபிக்கு இல்லைங்க. போகணும்.” நளா கையை எடுத்துக்கொண்டாள். “அன்னிக்குக் கேட்டேனேம்மா. எங்க இருந்தா என்னன்னு சொன்னியே.” “ஒரு தடவைதானே கேட்டே.” “எத்தனை தடவை கேட்கணும்?” அவள் என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். “நீ சொன்னா சொன்னதுதான்னு நான் நினைக்கக் கூடாதா? இங்க வந்த புதுசுல ஆபீஸ்ல ஒருத்தி வீட்டுக்குக் கூப்பிட்டா, சாப்பிடறியான்னா, வேண்டாம்னேன். பசியோட திரும்பி வந்தேன். அப்பறம் எவ்வளவு கஷ்டப்பட்டு அதை விட்டேன் தெரியுமா? இப்ப நீ அதையே எங்கிட்ட...” லெமனேட் குழாயைத் திருகிக்கொண்டே இருந்தாள். “நீ இருக்கேன்னு சொன்னப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துது,” என்றாள் கடைசியில், தம்ளரிடம். ஐயோ. இதுவும் இருக்கிறதே. வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள நாக்கு எழுகிறது, சரி விடு, உன் சௌகரியம் என்று, அதோ பாதிவழி வந்துவிட்டது. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டேன்.

காபி வந்தது. கனமான வெள்ளைக் கோப்பை, பிடித்தால் உள்ளங்கை சுடுகிறது. பால் தனியாகக் குட்டி டப்பியில். தெளிவாக, அடி தெரிகிற மாதிரி இருக்கிறது, மயில்வாகனன் பார்த்தால் ரசம் என்று இலையில் ஊற்றிவிடுவான். குடித்தேன். கேட்டது வந்தது, குடித்தேன். முள்கரண்டிகள் தட்டில் எதையோ எழுதி அழித்துக்கொண்டிருந்தன. நளாவின் பக்கவாட்டு முகம் அவள் அப்பாவுடையது, மூக்கு நுனி சிவந்திருந்தது. இந்த முகத்தை விட்டுவிட்டா போகிறேன், ஆமாம், அதைத்தான் கேட்டிருக்கிறேன், கேட்டதற்கு அர்த்தம் அதுதான். கோப்பை காலியானபோது அந்தப் பெண் கண்ணாடிக் கூஜாவோடு வந்து நின்றாள், “மோர் காஃபி?” “நோ நோ, தேங்க் யூ,” என்றேன். இவ்வளவுக்கும் பிறகு. என் வாயை என்ன செய்வது? அவள் திரும்பினாள். நளா சட்டென்று கையை நீட்டி அவளை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பி, அழுத கண்ணோடு, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, இதுவரை அவள் என்னிடம் பேசியறியாத ஒரு தொனியில், “சரி. இப்ப நிஜத்தைச் சொல்லு,” என்றாள். அவர் சொல்லும்போது அவள் எங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்? ஹாலில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டு, எந்த வயசில்? “பாதி,” என்றேன். “பாதி போதும்.” நளா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு மாப்பிள்ளையிடம், “கிரி, ராத்திரி புரோக்கருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுங்க. அவர் மறுபடி கேட்பார். மறுபடியும் வேண்டாம்னே சொல்லுங்க,” என்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போனைக் கோட்டுகளுக்கு நடுவில் சொருகினார். எங்கள் பாதி அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கோப்பையின் விளிம்புவரை ஊற்றிவிட்டுப் போனாள். தளும்பியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.